களனி ரஜமகா விகாரைக்குப் போகிறவர்கள் வழக்கமாகக் கேட்பவை

கொழும்புக்கு வருகிற உறவினர்களும் நண்பர்களும் காலிமுகத்திடல், கங்காராமை, கடைத்தெரு என்று பட்டியல் போட்டுக்கொண்டுதான் வருவார்கள். களனிக்கும் ஒருமுறை போங்கள் என்று நான் சொன்னதும் கேள்விகள் வரிசையாக வரும். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். பதில்களை எழுதியே வைத்துவிடலாமே என்று உட்கார்ந்தேன்.

களனி விகாரை எங்கே இருக்கிறது? எப்படிப் போவது?

கொழும்புக் கோட்டையிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டர். களனி கங்கையின் வடகரையில் இருக்கிறது. புறக்கோட்டையிலிருந்து பஸ் உண்டு. களனி ரயில் நிலையத்தில் இறங்கினால் அங்கிருந்து ஓர் ஆட்டோ பிடித்துக்கொள்ளலாம். குடும்பத்தோடு போகிறவர்களுக்குக் கொழும்பிலிருந்தே செயலியில் வண்டி பதிவு செய்வதுதான் வசதி, ஆட்டோக்காரரோடு பேரம் பேசுகிற வேலை மிச்சம்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து வரும் அதிவேகப் பாதை பேலியகொடையில் முடிகிறது. அங்கிருந்து களனி பக்கத்தில்தான். மாலை விமானத்தில் ஊர் திரும்புகிறவர்கள் அன்று காலையிலோ மதியத்துக்குப் பிறகோ விகாரையைப் பார்த்துவிட்டு அப்படியே விமான நிலையத்துக்குப் போய்விடலாம். ஆனால் அலுவலகம் விடுகிற நேரத்தில் அந்தப் பக்கத்துப் பாதைகளில் நெரிசல் கடுமையாக இருக்கும். அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அங்கே அப்படி என்ன விசேஷம்? கொழும்பிலேயே எத்தனையோ விகாரைகள் இருக்கின்றனவே?

புத்தர் மூன்று முறை இலங்கைக்கு வந்தார் என்பது இங்குள்ள பௌத்தர்களின் நம்பிக்கை. முதலில் மகியங்கனை, அடுத்து நாகதீபம் (நம் நயினாதீவு), மூன்றாவது களனி. ஞானம் பெற்ற எட்டாம் ஆண்டில், வெசாக் பௌர்ணமி நாளில், மணிஅக்கிக என்ற நாக அரசனின் அழைப்பை ஏற்று 500 பிக்குகளோடு புத்தர் களனிக்கு வந்ததாக இலங்கையின் பாளி வரலாற்று நூலான மகாவம்சம் சொல்கிறது. அதனால் இங்கே கும்பிட வருகிறவர்கள் புத்தர் காலடி பட்ட மண்ணுக்கு வருவதாகவே நினைத்து வருகிறார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவர்கள் முகத்தில் அது தெரியும்.

தமிழர்களுக்கு இதில் இன்னும் ஒரு சுவை இருக்கிறது. களனி அரசன் புத்தரை எங்கே வைத்து அழைத்தான் தெரியுமா? நாகதீபத்தில். அங்கே மகோதரன், சூளோதரன் என்ற மாமனும் மருமகனும் ஒரு மாணிக்க ஆசனத்துக்காகப் போருக்கு நின்றார்கள். புத்தர் தோன்றி அவர்களைச் சமாதானப்படுத்தினார். மகோதரனுடைய தாய்மாமன்தான் இந்த மணிஅக்கிகன். போருக்கென்று வந்தவன் உபதேசம் கேட்டு மனம் மாறி, ‘என் ஊருக்கும் வாருங்கள்’ என்று கேட்டுக்கொண்டான்.

இரண்டு நாக அரசர்கள், ஓர் ஆசனம், நடுவில் புத்தர். மணிமேகலை படித்தவர்களுக்கு இது பழகிய கதை. மணிபல்லவத் தீவில் மணிமேகலை காண்கிற புத்த பீடிகைக்கும் இதே வரலாறுதான். தமிழ்க் காப்பியம் ஒரு பக்கம், பாளி வரலாற்று நூல் ஒரு பக்கம், இரண்டும் ஒரே கதையைப் பேசுகின்றன. அந்த மாணிக்க ஆசனம் களனித் தாகபைக்குள், அதாவது இங்குள்ள தூபிக்குள், வைத்துக் கட்டப்பட்டிருக்கிறது என்று நம்புகிறார்கள். மணிமேகலையை நேசிக்கிற ஒருவர் கொழும்பு வரை வந்துவிட்டு இதைப் பார்க்காமல் போனால் எனக்கு மனசு கேட்காது.

புத்தர் உண்மையிலேயே வந்தாரா?

மகாவம்சம் கி.பி. 5ஆம் நூற்றாண்டை ஒட்டி எழுதப்பட்ட நூல். புத்தர் காலத்துக்கும் அதற்கும் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு இடைவெளி. அவர் வந்ததற்குக் கல்வெட்டோ வேறு சான்றோ அவர் காலத்திலிருந்து கிடையாது. இதை அங்கே வைத்து யாரிடமும் வாதாடத் தேவையில்லை. ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் இந்த நம்பிக்கையோடு இந்த ஆற்றங்கரைக்கு வந்துகொண்டிருக்கிறார்கள் என்பதில் சந்தேகமே இல்லை. நான் மதிப்பது அதைத்தான்.

கட்டடங்கள் எவ்வளவு பழையவை?

அனுராதபுரம், பொலன்னறுவை மாதிரி இடிபாடுகளை எதிர்பார்த்துப் போகாதீர்கள். இது இன்றும் முழு மூச்சாக வழிபாடு நடக்கிற கோயில். பழைய விகாரையை 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் அழித்துவிட்டார்கள். 18ஆம் நூற்றாண்டில் கண்டி மன்னர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில் அது மீண்டும் எழுந்தது. அவர் மதுரை நாயக்கர் வழியில் வந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. தென்னிந்தியாவிலிருந்து வந்த குடும்பம், பேசியது தமிழும் தெலுங்கும், ஆனால் நலிந்து கிடந்த பௌத்தத்தை அந்த நூற்றாண்டில் தூக்கி நிறுத்தியவர் அவர்தான். 1753இல் சியாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பிக்குகளை வரவழைத்து, அறுந்துபோன உபசம்பதா மரபை, அதாவது பிக்குகளுக்கு முழுத் துறவு அளிக்கும் சடங்கு மரபை, மீட்டதும் அவர் ஆட்சியில்தான்.

இப்போது நாம் பார்க்கிற பெரிய புதிய மண்டபம் 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் கட்டியது. ஹெலனா விஜேவர்தன என்ற அம்மையார் தம் செல்வத்தைக் கொட்டித் தொடங்கிய திருப்பணி அது.

கசப்பான பக்கமும் இருக்கிறது. 1959இல் பிரதமர் பண்டாரநாயக்கா சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கில் அப்போது இந்த விகாரையின் தலைமைப் பிக்குவாக இருந்தவர் குற்றவாளி என்று தீர்ப்பானது.

உள்ளே போனால் எதை முதலில் பார்க்க வேண்டும்?

எல்லோரும் முதலில் தாகபையைச் சுற்றி வருவார்கள். வெள்ளை வெளேரென்று, நெற்குவியல் வடிவத்தில் இருக்கும். இந்த வடிவத்தில் தாகபைகள் அதிகம் இல்லை. மணி வடிவத்திலும் நீர்க்குமிழி வடிவத்திலும்தான் நிறையப் பார்க்கலாம். அடுத்தது அரச மரம். அதன் பிறகு விகாரை மண்டபம்.

மண்டபத்துக்குள் நுழையும் முன்பே வெளிச்சுவரைச் சுற்றி ஒருமுறை நடந்துவிடுங்கள். அடித்தளம் நெடுக யானைகள், அன்னங்கள், தொந்தியும் தொப்பையுமாகக் குள்ள பூதங்கள். ஒவ்வொரு பூதத்துக்கும் ஒவ்வொரு முகபாவம். ஒன்று பாரம் தாங்க முடியாமல் முகத்தைச் சுளிக்கும், பக்கத்திலிருப்பது சிரித்துக்கொண்டிருக்கும். குழந்தைகளோடு போனால் அங்கேயே நின்றுவிடுவார்கள், அவசரப்படுத்த வேண்டாம். வாசல்களுக்கு மேலே மகர தோரணங்கள் இருக்கும். தமிழ்நாட்டுக் கோயில் சிற்பங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு எதுவுமே அந்நியமாகத் தெரியாது.

உள்ளே பழைய பகுதியில் பள்ளிகொண்ட புத்தர் இருக்கிறார். புதிய பகுதியில் இமயமலையும் நீல வானமும் தீட்டிய சுவருக்கு முன்னால் பொன்னிறத்தில் தியான நிலையில் ஒரு புத்தர். அந்த அறையில் கூட்டம் இருந்தாலும் சத்தம் இருக்காது. பத்து நிமிடம் தரையில் உட்கார்ந்து பாருங்கள்.

சுவரோவியங்கள் புகழ்பெற்றவை என்கிறார்களே?

புகழுக்குத் தகுந்தவைதான். சோலியஸ் மெண்டிஸ் என்ற ஓவியர் 1930களிலும் 40களிலும் ஆண்டுக்கணக்கில் இங்கே உழைத்துத் தீட்டியவை. அஜந்தா ஓவியங்களின் பாதிப்பை உடல்களின் வளைவிலும் கண்களிலும் காணலாம்.

கதை தெரிந்தால்தான் ஓவியம் பேசும், அதனால் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சுவரில் அசோகரின் மகள் சங்கமித்தை அரச மரக் கன்றோடு வந்திறங்குகிறார். ஒன்றில் ஹேமமாலா என்ற கலிங்க இளவரசி, கணவன் தந்தகுமாரனோடு நிற்கிறாள். புத்தரின் பல்லான தந்த தாதுவைக் கூந்தலுக்குள் ஒளித்து இலங்கைக்குக் கொண்டுவந்தவள் அவள். கண்டி தலதா மாளிகையில் இருப்பது அந்தத் தாதுதான் என்பது மரபு. இன்னொன்றில் பாளி உரையாசிரியர் புத்தகோசர் தம் நூல் சுவடிகளைப் பிக்குகளிடம் ஒப்படைக்கிறார்.

என்னை அதிக நேரம் நிறுத்தி வைப்பது களனியின் சொந்தக் கதைதான். களனி திஸ்ஸன் என்ற அரசன். அவன் தம்பிக்கும் அரசிக்கும் கள்ள உறவு. விஷயம் தெரிந்ததும் தம்பி ஓடிப்போனான். பிறகு ஒருவனுக்குப் பிக்கு வேடம் போட்டு, அரண்மனைக்குத் தானம் ஏற்க வரும் பெரிய தேரரின் கூட்டத்தோடு கலந்து அனுப்பினான். அரசி பார்க்கும்படி அந்த வேடக்காரன் தம்பியின் ஓலையைக் கீழே போட, விழுந்த சத்தத்தில் அரசன் திரும்பிவிட்டான். எழுத்து தேரருடைய எழுத்துப் போலவே இருந்தது. ஒரு குற்றமும் அறியாத தேரரை அரசன் கொன்றான். கொதிக்கிற எண்ணெய்க் கொப்பரையில் போட்டான் என்று சிங்கள மரபுக் கதைகள் சொல்கின்றன. கடல் பொங்கி ஊருக்குள் வந்தது. கடலைத் தணிக்க அரசன் தன் மகளையே பொற்கலத்தில் ஏற்றி அலையில் விட்டான். அந்தப் பெண் தெற்குக் கரையில் ஒதுங்கி, ருகுணை அரசன் காக்கவண்ண திஸ்ஸனை மணந்து, விகாரமகாதேவி என்று பெயர் பெற்றாள். எல்லாளனை வென்ற துட்டகைமுனு அவள் மகன். தகப்பன் செய்த பாவத்துக்கு மகள் கடலேறுகிறாள். ஓவியத்தில் அவள் நிற்கிற நிலையைப் பாருங்கள், அழுகை இல்லை.

விபீஷணனுக்கு அங்கே கோயில் இருக்கிறதாமே?

ஆமாம், விகாரை வளாகத்திலேயே. நம் ஊர்க்காரர்கள் நம்ப மறுக்கிற விஷயம் இது. சிங்கள பௌத்த மரபில் விபீஷணன் தீவின் காவல் தெய்வங்களில் ஒருவர், அவருடைய இருப்பிடமே களனி. இராவணனுக்குப் பிறகு இலக்குவன் அவருக்கு முடிசூட்டியது இங்கேதான் என்ற கதையும் வழங்குகிறது. 15ஆம் நூற்றாண்டில் தொட்டகமுவே ஸ்ரீ ராகுல தேரர் எழுதிய ‘செலலிஹினி சந்தேசய’ என்ற தூதுக் காவியத்தில் ஒரு மைனா களனிக்குப் பறந்து வருகிறது. அரசன் மகளுக்கு ஓர் ஆண் பிள்ளை வேண்டும் என்று விபீஷணனிடம் விண்ணப்பிக்கத்தான் அந்தத் தூது. கிளிவிடு தூது, அன்னம்விடு தூது படித்த நமக்கு இது எவ்வளவு நெருக்கம்!

தமிழ்நாட்டிலோ திருவரங்கத்துப் பெருமாளைக் காவிரிக் கரைக்குக் கொண்டுவந்தவன் விபீஷணன் என்பது தலபுராணம். அங்கேயும் ஓர் ஆற்றங்கரை, இங்கேயும் ஓர் ஆற்றங்கரை.

நேர்த்தி வைக்க விரும்பினால் வெளியே பழத்தட்டு வாங்கிக்கொண்டு போகலாம். பூசை செய்பவரைக் கப்புறாளை என்பார்கள். பெயரையும் வேண்டுதலையும் சொன்னால் உங்களுக்காக மன்றாடித் தருவார்.

ஆற்றுக்கும் கோயிலுக்கும் என்ன தொடர்பு? கரையோரம் இருப்பது தற்செயலா?

தற்செயல் இல்லை. பலர் தாகபையைப் பார்த்துவிட்டு ஆற்றைப் பார்க்காமலே கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு அதுதான் ஆதங்கம்.

மகாவம்சத்தில் புத்தர் களனியிலிருந்து நேரே போவது சிவனொளிபாத மலைக்கு, பாதம் பதிக்க. களனி கங்கைக்கு நீர் வருவதும் அந்த மலைத்தொடரிலிருந்துதான். மஸ்கெலி ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்து கீழிறங்கி, 145 கிலோமீட்டர் ஓடிக் கொழும்புக்கு வடக்கே கடலில் கலக்கிறது. மவுசாக்கலை, காசல்ரீ நீர்த்தேக்கங்களைச் சுற்றித் தேயிலை பறிக்கிற நம் மலையக மக்கள் பார்க்கிற தண்ணீர்தான் விகாரையைத் தாண்டிப் போகிறது. கொழும்பின் குடிநீரும் பெரும்பாலும் இந்த ஆற்றுத் தண்ணீரே.

இன்னொரு பெரிய கதை. 1476இல் பர்மாவின் பெகு நாட்டு மன்னர் தம்மசேதி, 22 மூத்த பிக்குகளையும் அவர்களுடைய சீடர்களையும் கப்பலேற்றி இலங்கைக்கு அனுப்பினார். தம் நாட்டுத் துறவு மரபு பழுதில்லாமல் இருக்க வேண்டும் என்ற கவலை அவருக்கு. அந்தப் பிக்குகள் இந்தக் களனி ஆற்றின் மேலேதான் மறுபடி உபசம்பதா பெற்றார்கள். ஏன் ஆற்றின் மேலே? துறவுச் சடங்கு நடக்கிற இடத்துக்குப் பழுதில்லாத எல்லை வேண்டும். நிலத்தில் எல்லை வகுத்தால் அதில் ஏதாவது குறை வந்துவிடலாம். ஓடுகிற ஆற்றில் அந்தச் சிக்கல் இல்லை. நடுத்தர உடல்வாகுள்ள ஒருவர் கையால் வீசியெறியும் தண்ணீர் எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ, அதுவே எல்லை. திரும்பிப் போனவர்கள் பெகுவில் அமைத்த எல்லைக்கும் களனியின் பழைய பெயரான கல்யாணி என்பதையே வைத்தார்கள். பாளியிலும் மோன் மொழியிலும் இந்த வரலாற்றைச் சொல்லும் கல்யாணிக் கல்வெட்டுகள் இன்றும் பெகுவில் நிற்கின்றன.

ஆகவே கும்பிட்டு முடிந்ததும் ஆற்றுப் பக்கமாக நடந்து போய்க் கொஞ்ச நேரம் நில்லுங்கள். தண்ணீரில் இறங்க வேண்டாம். கலங்கலாக மெல்ல ஓடுவது போலத் தெரிந்தாலும் இழுப்பு அதிகம்.

என்ன உடுத்திக்கொண்டு போவது?

தோளும் முழங்காலும் மூடியிருந்தால் போதும். வெள்ளை உடுத்தினால் கூட்டத்தோடு ஒன்றாக இருக்கும், கட்டாயம் இல்லை. செருப்பையும் தொப்பியையும் கழற்ற வேண்டும். உச்சி வெயிலில் தரை சுட்டுத் தள்ளும், காலைப் பொறுக்க முடியாதவர்கள் காலுறை போட்டுக்கொள்ளலாம்.

படம் எடுக்கலாமா?

வெளியே தாராளமாக எடுக்கலாம். ஆனால் புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்காதீர்கள், செல்ஃபியும் வேண்டாம். இதைச் சின்ன விஷயம் என்று நினைக்கக் கூடாது. சிலையை அவமதிக்கும் விதத்தில் படம் எடுத்ததற்காக இலங்கையில் வெளிநாட்டவர்கள் நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். கையில் புத்தர் உருவம் பச்சை குத்தியிருந்ததற்காகத் திருப்பி அனுப்பப்பட்டவர்களும் உண்டு. புத்தர் படம் போட்ட சட்டையைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு வாருங்கள். மண்டபத்துக்குள் ஓவியங்களைப் படம் எடுக்கும் முன் அங்கிருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஃபிளாஷ் கூடவே கூடாது.

நான் பௌத்தன் இல்லை. பூ வைத்துக் கும்பிடலாமா?

தாராளமாக. யாரும் உங்கள் மதத்தைக் கேட்க மாட்டார்கள். நுழைவுக் கட்டணமும் இல்லை, விருப்பமிருந்தால் உண்டியலில் போடலாம். வாசலுக்கு வெளியே தாமரையும் நீலோற்பலமும் விற்பார்கள். தாமரை மொட்டை அப்படியே வைப்பதில்லை. வெளி இதழ்களை ஒவ்வொன்றாகப் பிடித்து உட்புறமாக மடித்து, நடுவில் மஞ்சள் தெரியும்படி விரித்துத்தான் வைப்பார்கள். பூக்காரம்மாவிடம் கேட்டால் இரண்டு நொடியில் மடித்துக் காட்டுவார். முதல் இதழில் தடுமாறுவோம், நாலாவது இதழுக்குள் கை பழகிவிடும். படைக்கும் முன் பூவை முகர்ந்து பார்க்காதீர்கள், நம் கோயில்களில் உள்ள அதே வழக்கம்தான்.

அரச மரத்தடியில் குடங்கள் இருக்கும். நீர் பிடித்து, மரத்தைச் சுற்றி நடந்து, வேரடியில் ஊற்றுவார்கள். நீங்களும் வரிசையில் சேர்ந்துகொள்ளலாம். பிக்குவிடம் ஆசி கேட்டால் மணிக்கட்டில் வெள்ளைப் பிரித் நூல் (பிரித் ஓதிய காப்பு நூல்) கட்டிவிடுவார். பிக்குவைக் கண்டால் இரு கையும் கூப்பி வணங்குங்கள், கைகுலுக்கப் போக வேண்டாம். உட்காரும்போது பாதம் சிலைப் பக்கம் நீளாமல் மடக்கி உட்காருங்கள்.

தமிழில் பேசினால் சங்கடமாக இருக்குமா?

இதைத் தயங்கித் தயங்கிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். இந்த நாட்டின் வரலாறு அப்படி, தயக்கம் எனக்குப் புரிகிறது. நான் அங்கே தமிழில் பேசிக்கொண்டுதான் நடக்கிறேன், யாரும் முகம் கோணியதில்லை. ஒரு பாட்டி என் கையிலிருந்த விளக்குத் திரி அணைந்ததைப் பார்த்துத் தன் விளக்கிலிருந்து பற்றவைத்துக் கொடுத்தார். அவர் பேசிய சிங்களம் எனக்குப் பாதிதான் புரிந்தது, அவருக்கு என் தமிழ் புரிந்திருக்க வாய்ப்பில்லை.

எந்த நாளில் போவது நல்லது?

அமைதி வேண்டுமென்றால் வார நாளில் காலையில் போங்கள். வழிபாட்டை முழுவதாகப் பார்க்க வேண்டுமென்றால் போயா நாள், அதாவது பௌர்ணமி. அன்று நாடு முழுக்க விடுமுறை, வெள்ளை உடுத்தி ‘சில்’ எடுத்தவர்கள், அதாவது அன்றைக்கு ஒழுக்க விரதம் பூண்டவர்கள், நாள் முழுவதும் மர நிழலில் உட்கார்ந்திருப்பார்கள். நடக்க இடமிருக்காது, ஆனால் பார்க்க வேண்டிய காட்சி. போயா அன்று மது, இறைச்சிக் கடைகள் மூடியிருக்கும்.

ஜனவரியில் வரும் துருத்து போயாவை ஒட்டி பெரஹரா நடக்கும். 1927 முதல் நடந்துவருகிற ஊர்வலம். அலங்கரித்த யானைகள், கண்டிய நடனம், தீப்பந்தங்கள். கண்டி எசல பெரஹராவுக்கு இருக்கும் தள்ளுமுள்ளும் இருக்கைக் கட்டணப் போட்டியும் இங்கே அவ்வளவு இல்லை என்பதால், சிறுபிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். மாலை வெயில் சாயும் முன்பே போய் இடம் பிடித்துவிடுங்கள்.

மே, ஜூன் மாதங்களில் தென்மேற்குப் பருவமழை. ஆறு பெருகித் தாழ்வான பகுதிகளில் வெள்ளம் வருவதுண்டு, 2016 மே மாதம் களனிக் கரையோரம் பல வீடுகள் மூழ்கின. அந்த மாதங்களில் கிளம்பும் முன் செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்? வயதானவர்கள் வரலாமா?

சும்மா சுற்றிப் பார்க்க ஒரு மணி நேரம். ஓவியங்களை நின்று பார்த்து, விபீஷணனைக் கும்பிட்டு, ஆற்றங்கரைக்கும் போக இரண்டரை மணி நேரமாவது வேண்டும். மேல் மளுவைக்கு, அதாவது மேல் முற்றத்துக்கு, படி ஏற வேண்டியிருக்கிறது. முட்டி வலி உள்ளவர்கள் கைப்பிடித்து மெதுவாக ஏறலாம், மேலே போனபின் மணல் முற்றமும் நிழலும் உண்டு. தண்ணீர்ப் போத்தலும் செருப்பு வைக்க ஒரு துணிப்பையும் கொண்டுபோங்கள். ஒரு வாசலில் ஏறி மறு பக்கமாக ஆற்றுக்கு இறங்கினால், செருப்புக்காகத் திரும்ப அவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்காது.